மூணு லிங்க்

அந்தக் குழாயை மடியில வச்சுக்குங்க சார், மேல வச்சா மண்ணச்சநல்லூர் வர்றதுக்குள்ள உருண்டு யார் தலையிலயாவது விழும். உள்ள வரைபடம்தானே? பாத்ததுமே தெரிஞ்சுது. மனை பாக்கப் போறீங்களா துறையூருக்கு? நல்லது. வாங்குறதுக்கு முன்னாடி அளந்து வாங்குங்க. பத்திரத்துல எழுதியிருக்கிறதை நம்பாதீங்க, புரோக்கர் சொல்றதை அதைவிட நம்பாதீங்க. முப்பத்தி நாலு வருஷம் சர்வேயர் உத்தியோகம் பாத்தவன் சொல்றேன். பொன்னுரங்கம்னு கேட்டா துறையூர் தாலுகா ஆபீஸ்ல இன்னிக்கும் நாற்காலியை விட்டு எழுந்திரிப்பான். ரிடையர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு, ஆனாலும் எழுந்திரிப்பான்.

இந்தப் பெட்டிங்களா? அமெரிக்கா. ஆமா, நேரா ஏர்போர்ட்லேர்ந்துதான் வர்றேன். மூணு பிளேன் மாறி, முப்பது மணி நேரம். பொண்ணு கார் ஏற்பாடு பண்றேன்னா. வேண்டாம்மா, எனக்கு பஸ் இருக்குன்னுட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு நாலு மனுஷன் முகத்தைப் பாத்து உக்காந்து போகணும் போல இருந்துச்சு. அங்க ஏது மனுஷன்?

சிரிக்காதீங்க சார். நீங்க நினைக்கிற அமெரிக்கா இல்ல அது. வானத்தைத் தொடுற கட்டடம், விளக்கு, அதெல்லாம் எங்கயோ இருக்கு. என் பொண்ணு மங்கை இருக்கிறது ஒஹாயோ மாநிலத்துல கார்வர் ஹைட்ஸ்னு ஒரு ஊரு. ஹைட்ஸ்னா மேடு. மேடே கிடையாது சார்! நான் லெவல் வச்சுப் பாத்தவன், சொல்றேன். கிழக்கால இருந்து மேற்கால வரைக்கும் தண்ணி ஊத்தினா எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியாம அப்படியே நிக்கும். அதுக்குப் பேரு மேடு. மொத்த ஜனத்தொகை ஆயிரத்துத் தொள்ளாயிரம். நம்ம ஊர் கல்யாண மண்டபத்துல ரெண்டு பந்தியில உக்கார வச்சு எழுப்பிடலாம்.

கடை கிடையாது. ஒரு போஸ்ட் ஆபீஸ், ஒரு சர்ச், ஒரு லைப்ரரி, அவ்வளவுதான். பச்சை மிளகாய்க்கு இருபத்திரண்டு மைல் போகணும். மீதி பூரா வீடு. வீடு, முன்னாடி புல்லு, வீடு, முன்னாடி புல்லு. அந்தப் புல்லு எட்டு அங்குலத்துக்கு மேல வளர்ந்தா ஊர் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வரும். எதை அளக்குறதுன்னு இல்ல பாருங்க, புல்லை அளக்குறான்! அதை ஆடு மேயணும், மாடு மேயணும். இவன் மெஷினை வச்சுத் தள்ளி, வெட்டினதை மூட்டை கட்டி வெளிய வைக்கிறான், லாரி வந்து எடுத்துட்டுப் போகுது. செவ்வாக்கிழமை ஒரு தொட்டி, வெள்ளிக்கிழமை நீலத் தொட்டி. எந்தக் குப்பை எந்தத் தொட்டின்னு ஃபிரிஜ்ஜு மேல ஒட்டி வச்சிருக்கா என் பொண்ணு. நான் முப்பத்தி நாலு வருஷம் அரசாங்க உத்தியோகம் பாத்தேன், எனக்குக் குப்பை போடப் பாடம்.

ஆனா கை மட்டும் ஆட்டுவாங்க. நீங்க யாருன்னே தெரியாது, கார்ல போறவன் கையை ஆட்டிட்டுப் போவான். நானும் முதல்ல நம்ம பக்கத்து ஆள் யாரோன்னு நினைச்சு அடுத்த திருப்பம் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். வானம் நல்லாருக்கு இன்னிக்கு, அப்படிம்பான். எனக்குக் கண்ணு இல்லையா? ஆடி மாசத்துல வாசல்ல ஒரு காயைக் கொண்டாந்து வச்சுட்டு சொல்லாம போயிடுவாங்க. வெள்ளரியும் இல்ல, சுரையும் இல்ல, ஒரு குண்டாந்தடி சைஸு. யார் வச்சான்னு கேட்டா, யாரோ வச்சிருப்பாங்கப்பாங்கிறா. பேர் தெரியாம குடுக்கிறதெல்லாம் ஒரு குடுக்கலா?

இதுல சரித்திரம் வேற. சரித்திரம்! இன்னும் கால் மணி நேரத்துல திருவெள்ளறை வரும் பாருங்க, கோயிலுக்குள்ள பல்லவர் காலத்துக் கிணறு. ஆயிரத்து இருநூறு வருஷம். அதுக்கு நாம ஒரு விழா எடுக்கிறோமா? பஸ்ஸுல தூங்கிக்கிட்டே தாண்டிப் போறோம். அந்த ஊர் தொடங்கினது ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தி ஒம்பதுல. அதுக்கு லைப்ரரி பக்கத்துல ஒரு ரூம், உள்ள ஒரு தையல் மெஷின், ஒரு உடைஞ்ச நாற்காலி, ஒரு மோர் கடையற மரத்தொட்டி. எல்லாத்துக்கும் சீட்டு எழுதி ஒட்டி வச்சிருக்கு. நம்ம ஊர் பழைய இரும்புக் கடையில இதைவிட நல்ல சாமான் கிடக்கு. அப்புறம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு சங்கிலி.

அந்தச் சங்கிலிதான் சார் விஷயம். அதனாலதான் நான் இன்னிக்கு இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கேன். ஜனவரியில பொண்ணுக்குப் பிரசவம். இது செப்டம்பர். கணக்குப் பாத்தா நான் இங்க இருக்கவே கூடாது. மே மாசம் போய் இறங்கினதும் என் பொண்ணு சொன்னது என்னன்னா, அப்பா, அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு, அந்த வீட்ல தனியா என்ன பண்றீங்க, விசாவை நீட்டிக்கலாம்னு அவர் சொல்றார், இனிமே எங்ககூடவே இருந்துடுங்க, அப்படின்னா. மாடியில ஒரு ரூம் எனக்குன்னு பெயின்ட் அடிச்சு வச்சிருந்தா. பச்சைக் கலரு. எனக்குப் புடிக்காத கலரு, ஆனா சொல்லலை. எனக்கும் வயசாகுது சார். சரிம்மா, பாக்கலாம்னேன். மனசுக்குள்ள சந்தோஷம்தான், இல்லைங்கலை.

சும்மா உக்கார முடியுமா? ஒருநாள் மாப்பிள்ளை செழியன்கிட்ட வீட்டுப் பத்திரம் கேட்டேன். அகலம் அறுபத்தாறு அடின்னு போட்டிருக்கு. அறுபத்தாறு அடின்னா ஒரு சங்கிலி, நூறு லிங்க். சர்வே சங்கிலி பாத்திருக்கீங்களா? கம்பியைத் துண்டு துண்டா வளையம் போட்டு மாட்டியிருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு லிங்க், ஏழு புள்ளி தொண்ணூத்திரண்டு அங்குலம். வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது, நமக்குக் குடுத்துட்டுப் போனான். நான் உத்தியோகத்துல சேர்ந்தப்போ அதைத்தான் தோள்ல தூக்கிக்கிட்டு அலைஞ்சோம். சரின்னு டேப்பை எடுத்துக்கிட்டு வெளிய வந்து மனையை அளந்தேன். ரெண்டு ஓரத்துலயும் கல்லு இருக்கு, பழைய கல்லு. கல்லுக்குக் கல்லு அறுபத்தி நாலு. திரும்ப அளந்தேன். அறுபத்தி நாலு. ரெண்டடியைக் காணோம்!

என் பொண்ணு மனையில ரெண்டடியைக் காணோம், ஆறு வருஷமா குடியிருக்கா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இஞ்சினியர், ஒருத்தருக்கும் தெரியலைன்னு நினைச்சேன்.

பக்கத்து வீடு டோரதின்னு ஒரு அம்மா. எண்பத்தியோரு வயசு, தனி ஆளு, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனது. அந்தச் சரித்திர ரூமுக்கு இதுதான் தலைவி. நடுவுல ஒரு செடிவேலி இருக்கு. ஆக்கிரமிப்புன்னு எனக்கு உடனே புரிஞ்சுது. நேரா போனேன். அம்மா, உங்க வேலி எங்க எடத்துல ரெண்டடி வந்திருக்குன்னேன், மரியாதையாத்தான். அது என்ன பண்ணுச்சு தெரியுமா? சிரிக்குது சார். கையைத் தட்டிச் சிரிக்குது. எனக்கும் ரெண்டடி குறையும், வா, அளந்து பாருன்னுச்சு.

அளந்தேன். அதுவும் அறுபத்தி நாலு! அதுக்கு அடுத்த வீடு, அறுபத்தி நாலு. அந்த மேப்பிள் தெருவுல வரிசையா இருபது வீடு. இருபதையும் அளந்தேன். பத்திரத்துல எல்லாம் அறுபத்தாறு, தரையில எல்லாம் அறுபத்தி நாலு. நான் வெயில்ல குனிஞ்சு அளக்க, வீட்டுக்காரன் ஒவ்வொருத்தனும் வெளிய வந்து எலுமிச்சம்பழச் சாறு குடுத்து, டேப்போட அடுத்த முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நம்ம ஊரா இருந்தா, யாரைக் கேட்டு அளக்குறேன்னு சட்டையைப் பிடிச்சிருப்பான். மானமுள்ளவன் அதைத்தானே செய்வான்?

அப்புறம் டோரதி கதையைச் சொல்லுச்சு. ஊர் தொடங்கினப்போ மனை பிரிக்க வந்த சர்வேயரோட சங்கிலி ஓடையில சிக்கி அறுந்துபோச்சாம். மூணு லிங்க் தண்ணியோட போச்சு. அந்த ஆள் இருந்ததை இழுத்து ஒரு செம்புக் கம்பியால கட்டிட்டு, அதே சங்கிலியை வச்சு இருபது மனையையும் அளந்து கல்லு நட்டுட்டான். மூணு லிங்க்னா ரெண்டடிக்குக் கால் அங்குலம் கம்மி. ரெண்டடின்னே வச்சுக்குங்க. கடைசியில பாத்தா தெருக் கோடியில யாருக்கும் சொந்தமில்லாம நாப்பது அடி மிஞ்சுது. முதல்ல அடிச்சுக்கிட்டாங்களாம். ஒருத்தன் துப்பாக்கியே எடுத்தானாம். அப்புறம் இருபது வீட்டுக்காரனும் ஒரு நாள் அந்த எடத்துலயே உக்காந்து சாப்பிட்டு, ஆளுக்கு ரெண்டடி குடுத்ததா இருக்கட்டும்னு விட்டுட்டாங்களாம். மரம் வச்சிருக்காங்க. பெஞ்சு போட்டிருக்காங்க. வருஷா வருஷம் செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை, அதே அறுந்த சங்கிலியை எடுத்து, கல்லுக்குக் கல்லு தெரு பூரா அளந்து, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் அந்த வீட்டுக்காரன் நின்னு, நாங்க ரெண்டடி குடுத்தோம்னு கத்தி, கடைசியில அந்த நாப்பது அடியில உக்காந்து சாப்பாடு. சங்கிலி நாள்னு பேரு.

தப்பா அளந்ததுக்கு விழா சார்! எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தன் அளந்திருந்தா சஸ்பெண்டு. இவங்க அவன் பேரை ஒரு பெஞ்சுல செதுக்கி வச்சிருக்காங்க.

நான் கறாரான ஆளு. அதை மறைக்கிறதில்ல. என் கூடப்பிறந்த தம்பி வேலாயுதம், பக்கத்து வீடு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவன் சமையக்கட்டுச் சுவர் எழுப்பினப்போ ஒரு லிங்க் என் பக்கம் வந்துட்டான். ஒரே ஒரு லிங்க். தம்பின்னு பாத்தேனா? சங்கிலியைப் போட்டு, தாசில்தார் ஆபீஸ்ல மனு குடுத்து, அளந்து காட்டினேன். மறுநாள் காலையில கொத்தனாரைக் கூட்டியாந்து அவனே சுவரை இடிச்சு உள்ள தள்ளிக் கட்டிக்கிட்டான். தப்புன்னு தெரிஞ்சதனாலதானே இடிச்சான்? அதுக்கப்புறம் பேச்சு இல்ல. என் சம்சாரம் சரோஜா தவறினப்போ வந்தான். ரோட்டுலயே நின்னான். பாடை கிளம்பினதும் கூடவே கடைசி வரைக்கும் நடந்தான், அப்புறம் போயிட்டான். அந்த ஒரு லிங்க் எடமா? அது அப்படியேதான் கிடக்கு. ரெண்டு சுவருக்கும் நடுவுல எட்டு அங்குலத்துல என்ன பண்ண முடியும்? கை விட்டுக் கூட்ட முடியாது. எலி இருக்கு. ஆனா அளவு சரியா இருக்கு, அதுதானே வேணும்.

இதோ பாருங்க, திருவெள்ளறை. கோபுரம் தெரியுதா, முடிக்காம விட்டது? ஆயிரத்து இருநூறு வருஷம். ஒருத்தனாவது ஜன்னல் பக்கம் திரும்பினானா? அதான் சொன்னேன்.

ஆகஸ்ட் கடைசியில டோரதி வீட்டுக்கு வந்துச்சு. கூட ஊர் மேயரு. மேயர்னதும் நான் சட்டை மாத்திக்கிட்டு வந்தேன். பாத்தா போன வாரம் எங்க பாத்ரூம்ல அடைப்பெடுத்த ஆளு. அவன்தான் அந்த ஊர் பிளம்பர், அவன்தான் மேயர்! இந்த வருஷம் சங்கிலியோட முன் முனையை உங்கப்பா பிடிக்கணும், பின் முனையை நீ பிடிக்கணும்னு மங்கைகிட்ட சொன்னாங்க. முன்ன பின்ன வெளியிலேர்ந்து வந்தவங்க யாரும் பிடிச்சதில்லையாம். என் பொண்ணு அழுதுட்டா சார். ஆறு வருஷமா அந்தச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் கலந்து எடுத்துட்டுப் போய்க்கிட்டிருந்தாளாம், ஒரு நாள் என்னையும் கூப்பிடுவாங்கன்னு. அப்பா, உங்களாலதாம்ப்பான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்படி அவ என் கையைப் பிடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு.

முன் முனை பிடிக்கிறவர்தான் சங்கிலிக்கு எண்ணெய் போடணும், அது வழக்கம். டோரதி ஒரு துணிப்பையில போட்டுக் கொண்டாந்து குடுத்துச்சு. குடுக்கும்போது அந்தக் கட்டின எடத்தைத் தொட்டுத் தொட்டு என்னமோ நிறைய சொல்லுச்சு. எங்கப்பா தொட்டாரு, நான் சின்னதுல தொட்டேன், எல்லாப் பிள்ளைங்களும் முதல்ல இதைத் தொடும், அப்படி இப்படின்னு. எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனா நான் அப்போ லிங்க்கை எண்ணிக்கிட்டிருந்தேன். தொண்ணூத்தி ஏழு. இந்த ஜனங்களுக்குச் சங்கிலியைச் சரி பண்ணத் தெரியலை, பாவம்னு நினைச்சேன். கை வேலை தெரிஞ்சவன் ஒருத்தன்கூட நூத்தி முப்பத்தஞ்சு வருஷமா அந்த ஊர்ப் பக்கம் வரலை போலிருக்கு.

வியாழக்கிழமை மத்தியானம். வீட்ல யாரும் இல்ல. செழியன் காரேஜ்ல பட்டறை இருக்கு. நல்ல கனமான கம்பி எடுத்து, அளவா வெட்டி, வளையம் வளைச்சு, மூணு லிங்க் செஞ்சேன். மூணு மணி நேரம். அச்சு அசலா பழசு மாதிரியே. அந்தச் செம்புக் கம்பியைக் கத்தரிச்சு எடுத்துட்டு, மூணையும் மாட்டினேன். எண்ணினேன், நூறு. டேப் வச்சுப் பாத்தேன், அறுபத்தாறு அடி, ஒரு நூல் கூட இல்ல, குறைய இல்ல. கத்தரிச்ச கம்பியை நீலத் தொட்டியில போட்டேன். சரியான தொட்டியிலதான் போட்டேன் சார், ஃபிரிஜ்ஜு மேல பாத்துட்டுத்தான். வெள்ளிக்கிழமை காலையில லாரி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு.

யார்கிட்டயும் சொல்லலை. சனிக்கிழமை எல்லாருக்கும் தெரியட்டும், ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஒரு சர்வேயர் பண்ணின தப்பை இன்னொரு சர்வேயர் வந்து திருத்தினான்னு அந்த ரூம்ல ஒரு சீட்டு எழுதி ஒட்டுவாங்கன்னு நினைச்சேன். நினைச்சா என்ன தப்பு?

சனிக்கிழமை தெரு பூரா ஜனம். முதல் கல்லுல மங்கை பின் முனையை வச்சுக்கிட்டு நின்னா, வயித்தைத் தள்ளிக்கிட்டு, பட்டுப்புடவையில. நான் முன் முனையை இழுத்துக்கிட்டு நடந்தேன். தெருவுல முதல் வீடு எங்களோடது. சங்கிலி முடியிற எடத்துல தரையில குத்துற ஊசி, அடுத்த கல்லுகிட்ட போய் விழணும். விழலை. ரெண்டடி தள்ளி டோரதியோட சாமந்திப் பாத்திக்குள்ள விழுந்துச்சு. நான் ஊசியைக் குத்திட்டு நிமிர்ந்து பாத்தேன். எல்லாரும் ஒரு மாதிரி சிரிச்சாங்க, ஏதோ கை நழுவிடுச்சுன்னு. ரெண்டாவது வீட்ல நாலடி. மூணாவதுல ஆறடி. ஆறாவது வீட்ல ஒருத்தன் கார் நிறுத்துற எடத்துல குத்தினேன். அப்பதான் சத்தம் அடங்குச்சு. நாங்க ரெண்டடி குடுத்தோம்னு வாசல்ல கத்தணும் இல்லையா, ஏழாவது வீட்டுக்காரன் வாயைத் திறந்துட்டு மூடிக்கிட்டான்.

யாராவது நிறுத்தியிருக்கலாம் சார். யோவ், என்னய்யா பண்றேன்னு ஒரு வார்த்தை. ஒருத்தனும் சொல்லலை. விருந்தாளியாம் நான். மங்கை மட்டும், அப்பா, அப்பான்னு பின்னாலேர்ந்து மெதுவா கூப்பிட்டுக்கிட்டே வந்தா. சங்கிலியைப் பிடிச்சிருக்கிற ஆளு நடுவுல பேசக்கூடாது, எண்ணிக்கை தப்பிடும். நான் திரும்பலை. இருபது சங்கிலி. இருபதாவது ஊசி எங்க போய் விழுந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அந்த நாப்பது அடியோட கடைசியில. மேசை போட்டு, துணி விரிச்சு, சாப்பாடு வச்சிருந்தாங்க பாருங்க, அதுக்கு நடுவால சங்கிலியை இழுத்துக்கிட்டுப் போய் ஓடைக்கரையில குத்தினேன். நாப்பது அடிக்கு அஞ்சு அங்குலம் பாக்கி. அவ்வளவு துல்லியம். கையைத் தூக்கி, கரெக்ட்டுன்னேன். இப்ப எல்லாம் சரியா இருக்குன்னு இங்கிலீஷ்ல சொன்னேன்.

ஒருத்தன் கை தட்டலை.

டோரதி வந்துச்சு. சங்கிலியைக் கையில வாங்கி, கண்ணு சரியாத் தெரியாதில்ல, விரலால தடவிக்கிட்டே போச்சு. தடவித் தடவி, என் மூணு லிங்க்கும் வந்ததும் நின்னுச்சு. கம்பி எங்கன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான் கேட்டுச்சு. நான் சொன்னேன், சரி பண்ணிட்டேன், அது வேண்டாம், ரீசைக்கிள்னேன். அந்தம்மா என் தோளைத் தட்டிட்டு, தேங்க்யூன்னு சொல்லிட்டுப் போய் பெஞ்சுல உக்காந்துக்கிச்சு. அந்த மேயர் பிளம்பர், சரி, சாப்பிடலாம்னான். சாப்பிட்டாங்க சார்! கோபம் வந்தா திட்டணும், சண்டை போடணும். நாங்க எல்லாம் அப்படித்தான். இவங்க தட்டை எடுத்துக்கிட்டு, வானம் நல்லாருக்குன்னு பேசிக்கிட்டு சாப்பிட்டாங்க. என் தட்டுலயும் கொண்டாந்து வச்சாங்க. அந்தச் சாப்பாட்டை என்னால முழுங்க முடியலை. உப்பே இல்ல, அதான்.

வீட்டுக்கு வந்ததும் மங்கை பேசினா. நான் என்ன தப்பு பண்ணேன், இல்லாததையா சொன்னேன்னு கேட்டேன். அவ சொல்றா, ரெண்டு வருஷம் முன்னாடி பனிக்காலத்துல எனக்கு ஆபரேஷன் ஆனப்போ, இந்தத் தெருவுல இருபது வீடும் முறை வச்சு ஒரு மாசம் சாப்பாடு குடுத்தாங்க, டோரதி எழுபத்தொம்பது வயசுல எங்க வாசப் பனியைத் தள்ளினாங்க, நீங்க அவங்க வேலியைப் போய் அளந்தீங்களேப்பா, அப்படின்னா. ஒரு மாசம் சாப்பாடு குடுத்தா பத்திரம் மாறிடுமாம்மான்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அப்ப அவ ஒண்ணு சொன்னா. நாளையிலேர்ந்து சித்தப்பா வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு நீங்க சொன்னப்போ எனக்கு வயசு பத்து. சித்தி வாழைப்பூ வடை சுட்டா வாசனை அந்தச் சந்து வழியா வரும், நான் ஜன்னல்ல நின்னு மோந்துக்கிட்டிருப்பேன். என் குழந்தைக்கு அது வேண்டாம்ப்பா. அப்படின்னா.

இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க? பேசிக்கிட்டே இருக்கும்போது விஷயத்தை மாத்துறது பொம்பளைங்க வழக்கம்.

மறுநாள் காரேஜ்ல பாத்தா, தரையில உக்காந்து குறடு வச்சு என் மூணு லிங்க்கையும் கழட்டிக்கிட்டிருக்கா. பக்கத்துல ஸ்டூல் போட்டு டோரதி. பழைய கம்பிதான் போயிடுச்சே, அதுக்குப் பதிலா எங்க வீட்டு டேபிள் விளக்கு ஒயரை உரிச்சு, உள்ள இருக்கிற செம்பை எடுத்துக் கட்டினா. வேலை தெரியாத கட்டு, நாலு சுத்து போதும், பதினஞ்சு சுத்து சுத்தியிருக்கா. அந்தக் கிழவி அதை விரலால தடவிப் பாத்துட்டு, என் பொண்ணு தலையைப் பிடிச்சு நெத்தியில முத்தம் குடுக்குது. இனிமே அந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வருஷா வருஷம் தொடப்போறது துறையூர் பொன்னுரங்கம் மகள் கட்டின கம்பி. எப்படி இருக்கு பாருங்க. என்னதான் இருந்தாலும்...

சரி, விடுங்க.

நானாத்தான் கிளம்புறேன்னேன். டிக்கெட்டு அவதான் போட்டா, ஆனா நானாத்தான் சொன்னேன். இல்ல, அவ டிக்கெட்டைக் காட்டினதுக்கு அப்புறம் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதானே. பிரசவத்துக்கு யாரும்மா இருக்கான்னு கேட்டேன். டோரதி இருக்காங்கப்பான்னா. மேப்பிள் தெரு இருக்குப்பான்னா. பச்சை ரூமைத் தொட்டில் ரூமாக்கப் போறாங்களாம். ஏர்போர்ட்ல மாப்பிள்ளை, போய்ட்டு வாங்க மாமான்னார். அவ போய்ட்டு வாங்கன்னு சொல்லலை. பத்திரமா போங்கப்பான்னா. முப்பது மணி நேரமா அதைத்தான் நினைச்சுக்கிட்டு வர்றேன், 'வாங்க'ங்கிற வார்த்தை எங்கயாவது வந்துச்சான்னு. வரலை சார்.

அந்த மூணு லிங்க்கும் என்கிட்டதான் இருக்கு. இருங்க, சட்டைப் பையில. இதோ. ஏர்போர்ட்ல இதை வச்சு என்னை அரை மணி நேரம் நிறுத்திட்டான், ஆயுதமாம். பிடிச்சுப் பாருங்க, வளையம் எப்படி உக்காந்திருக்கு. இவ்வளவு சுத்தமா இன்னிக்கு எவன் செய்வான்? கிளம்பும்போது மங்கை இதை என் கையில வச்சு மூடினா. ரெண்டை நீங்க வச்சுக்குங்கப்பா, ஒண்ணைச் சித்தப்பாகிட்ட குடுத்துடுங்கன்னா. எதுக்கும்மான்னேன். குடுங்க, அவருக்குத் தெரியும்னா.

அவன் ரேஷன் கடையில எடை போட்டவன் சார். அவனுக்கு எதுக்கு ஒரு லிங்க்? ஏழு புள்ளி தொண்ணூத்திரண்டு அங்குலக் கம்பியை வச்சு அவன் என்ன பண்ணுவான்?

என்ன சார், வெளியவே பாத்துக்கிட்டு வர்றீங்க? நானே பேசிக்கிட்டு வர்றேன். உங்க மனை எங்க, என்ன சர்வே நம்பர்னு சொல்லுங்க, நாளைக்கு டேப்போட வந்து நிக்கிறேன். வேண்டாமா? சரி, சரி, யோசிச்சுச் சொல்லுங்க.

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. ஒரு உதவி பண்ணுங்க, இந்தப் பெரிய பெட்டியை மட்டும் இறக்கிக் குடுத்துடுங்க. அப்புறம் சக்கரம் இருக்கு, இழுத்துக்கிட்டுப் போயிடுவேன். எங்க தெருவுல முதல்ல தம்பி வீடு, அடுத்தது என்னோடது. தாண்டித்தான் போகணும். இந்நேரத்துக்கு வாசல்ல நாற்காலி போட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பான். இருபத்திரண்டு வருஷமா தாண்டிக்கிட்டுத்தான் இருக்கேன், அவன் பேப்பரைக் கொஞ்சம் மேல தூக்கிக்குவான், நான் போயிடுவேன். இன்னிக்கு இந்தச் சக்கரம் தெரு பூரா சத்தம் போடும். பேப்பரை எறக்கிடுவானோன்னு பயமா இருக்கு சார். என்னண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்களான்னு கேட்டுட்டான்னா?